கார்பட் வீட்டுப் புத்தகங்கள்

மிஸஸ் கார்பட்டின் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம்தான். இருந்தும் என் கணவர் ரோலண்ட் முன்விளக்குகளை எரியவிட்டே காரை ஓட்டி வந்தார். நவம்பர் மூடுபனி இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் வயல்களின்மேல் நனைந்த கம்பளியைப் போலக் கிடந்தது. சாலையோரம் பிடுங்கிக் குவித்திருந்த பீட் கிழங்குகள் பனிக்குள்ளிருந்து தலை தலையாக எட்டிப் பார்த்தன.

வீடு போர்க்கால விமானதளத்தின் ஓரத்தில் தனியாக நின்றது. ஓடுபாதையில் மிஞ்சியிருந்த சிமெண்டுத் தரையில் யாரோ கோழிப்பண்ணைக் கொட்டகைகள் போட்டிருந்தார்கள். காற்று திரும்பும்போதெல்லாம் கோழி எச்சத்தின் காரம் மூக்கில் ஏறியது.

என் கணவருக்கு அது எதுவும் பொருட்டில்லை. ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். போர் நடந்தபோது சிறுவன். வேலியில் தொங்கிக்கொண்டு, குண்டுவீச்சு விமானங்கள் வயிறு கனக்க மேலேறிப் போவதைப் பார்த்து வளர்ந்தவர். வளர்ந்தபின் விமானப்படையில் சேரப் போனபோது காது சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பறக்க முடியாத அந்த ஆள், பறந்தவர்களைப் பற்றி அச்சான அத்தனையையும் சேர்க்க ஆரம்பித்தார். படைப்பிரிவு வரலாறுகள், விமானிகளின் நினைவுகள், பழைய சங்கங்கள் தங்களுக்குள்ளேயே அச்சடித்துப் பங்கிட்டுக்கொண்ட மெல்லிய புத்தகங்கள். ஹார்ன்காசிலில் உள்ள பழைய புத்தகக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் அவர் தும்மல் சத்தம்கூடத் தெரியும். அட்டைமேல் போட்ட காகித உறை கிழியாமல் ஒரு புத்தகம் கிடைத்துவிட்டால் பச்சைக்குழந்தையை ஏந்துவது போல ஏந்தி வருவார். எனக்கும் ஒரு கண்ணாடித்தாள் உறை போட்டுவிட்டால் என்னையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்வாயா என்று நான் கேட்பதுண்டு. "உன் முனை எல்லாம் மழுங்கிப் போச்சு வின்னி, விலை போகாது" என்பார்.

மிஸஸ் கார்பட் கதவைத் திறந்தார். ஒல்லியான, நேராக நிற்கும் பெண்மணி. கணவர் சிரில் வசந்தகாலத்தில் இறந்துபோயிருந்தார். அவர் சேர்த்த புத்தகங்களை மொத்தமாகக் கொடுத்துவிடப் போவதாகக் கடைக்காரர் ஒருவர் சொல்லித்தான் நாங்கள் வந்திருந்தோம்.

மாடியில் இருந்தது அந்த அறை. கதவைத் திறந்ததும் வெளியே இருந்ததைவிடக் கடுமையான குளிர் முகத்தில் அறைந்தது. ஜன்னல் மூடியிருந்தது. கண்ணாடியின் உள்பக்கத்தில் உறைபனி பூப்பூவாய்ப் படிந்திருந்தது. பழைய புத்தக அறைகளின் வாசனை எனக்கு அத்துப்படி. பூஞ்சை, தூசி, எலிப் புழுக்கை. இங்கே அது எதுவும் இல்லை. பெட்ரோல் வாசனை. ரப்பர். அதற்கும் அடியில், இஸ்திரிப்பெட்டி அதிகமாகச் சுட்ட கம்பளித் துணியின் வாசனை.

ரோலண்ட் கவனிக்கவில்லை. அலமாரிகளுக்கு முன்னால் தேவாலயத்தில் நிற்பது போல நின்றார்.

அவர் பெட்டிகளில் அடுக்கத் தொடங்கியதும் மிஸஸ் கார்பட் என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போய் டீ கொடுத்தார். இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட முடியுமா என்று இரண்டு தடவை கேட்டார். ரோலண்ட் விலை பேச வந்தபோது பணம் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். பிறகு மாடியைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்.

"உன் வீட்டுக்காரருக்குக் காது கேக்காதா கண்ணு?"

"காது மிஷின் மாட்டாட்டி பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காது."

"அப்ப நல்லது" என்றார். அவர் தோள்கள் இறங்கின. அந்த நிம்மதியை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். ஏதோ துக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன்.

*

எங்கள் வீட்டில் பின்பக்கத்து மாடி அறைதான் ரோலண்டின் ராஜ்யம். கார்பட் புத்தகங்கள் அங்கே போயின. முதல் வாரம் அவர் சாப்பாட்டு மேஜையிலும் அவற்றைப் பற்றியே பேசினார். சிரில் கார்பட் வித்தியாசமான ஆள் என்றார். மற்றவர்கள் ஒரு விமான வகையையோ ஒரு படைப்பிரிவையோ சேர்ப்பார்கள். இவரோ ஒரே ஒரு நாள் தாக்குதலைப் பற்றி எங்கெல்லாம் வந்திருக்கிறதோ அதையெல்லாம் சேர்த்திருக்கிறார். ஒரு பக்கத்தில் ஒரு வரி இருந்தால்கூட முழுப் புத்தகத்தையும் வாங்கியிருக்கிறார். அந்தப் பக்கங்கள் மட்டும் தொட்டுத் தொட்டுக் கறுத்திருந்தன.

அடுத்து, காது மிஷினில் ஏதோ கோளாறு என்றார். வேறு ஏதோ வானொலி நிலையம் குறுக்கே வருகிறதாம். மருத்துவமனையில் புதியது மாற்றிக் கொடுத்தார்கள். அதிலும் வந்தது. அந்த அறையில் உட்கார்ந்தால் மட்டும்.

ஒரு மதியம் நான் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டு மாடிக்குப் போனபோது, மூடிய கதவுக்குப் பின்னால் ரோலண்டின் குரல் கேட்டது.

"இருக்கேன். இங்கதான் இருக்கேன்."

யாரோடு பேசுகிறாய், காதலியா என்று வெளியிலிருந்தே கேட்டேன். கதவைத் தள்ளினேன். அறையில் மண்ணெண்ணெய் அடுப்பு சிவக்கச் சிவக்க எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் என் மூச்சு புகையாக வந்தது. ரோலண்ட் ஓவர்கோட்டும் கழுத்துத் துண்டுமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார்.

அதன்பின் அவர் கீழே வருவது குறைந்தது. பன்றி இறைச்சி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டத்தை வெட்டித் தட்டில் வைத்து மேலே கொண்டுபோனால் அது அப்படியே உறைந்து கிடக்கும். தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைச் சீட்டாட்டத்துக்கு நண்பர்கள் வந்து கூப்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் கத்தினேன், கெஞ்சினேன், ஒருநாள் அழுதுகூடப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"நான் எழுந்து வந்தா அவன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான் வின்னி. பயந்துபோயிருக்கான். சின்னப் பையன்."

என்னைப் பிடித்த அவர் கை கட்டையாக இருந்தது. விரல் நுனிகள் கறுத்துக் கொப்பளித்திருந்தன. டாக்டரைக் கூட்டி வந்தேன். அவர் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மீன் குளிர்கிடங்கில் ஏதாவது வேலை பார்க்கிறாரா என்று கேட்டார். இது கடும் பனியில் வெறுங்கையோடு கிடந்தவர்களுக்கு வரும் புண் என்றார். கட்டுப் போட்டுவிட்டு, வாசலில் என்னைத் தனியாக நிறுத்தி, உங்கள் கணவர் மனம் தளர்ந்து ஏதாவது பேசுகிறாரா என்றும் கேட்டார். இல்லை என்று பொய் சொன்னேன். உண்மையைச் சொன்னால் எங்கே கொண்டுபோய் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் மதியம் ரோலண்ட் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். தலை சாய்ந்து, காது மிஷின் காதிலிருந்து நழுவித் தோளில் தொங்கியது. அதிலிருந்து பூச்சி ரீங்காரம் போல ஏதோ வந்துகொண்டிருந்தது.

அதை எடுத்தேன். என் காதில் வைத்தேன்.

முதலில் வெறும் இரைச்சல். பெரிய எஞ்சின்களின் இரைச்சல். ஒழுங்காக ஓடும் எஞ்சின்கள் அல்ல. ஒன்று இருமி இருமி நின்றது. காற்று எங்கோ ஒரு ஓட்டையில் ஊளையிட்டது.

பிறகு யாரோ மூச்சு விட்டார்கள்.

என் காதுக்குள்ளேயே.

"அண்ணே?" என்றது ஒரு குரல். மீசை முளைத்துச் சில நாளான பையனின் குரல். எங்கள் வட்டாரத்துக்காரன் பேசுகிற மாதிரியே இருந்தது. "பின்னாடிதான் இருக்கேன். யாராச்சும் இருக்கீங்களா?"

நான் அசையவில்லை.

"யாரும் பேச மாட்டேங்கிறீங்களே. மிஷின் ரிப்பேரா? அண்ணே, நீங்க இருக்கீங்கல்ல?"

தூக்கத்திலேயே ரோலண்டின் உதடுகள் அசைந்தன.

"இருக்கேன்."

காதுக்குள் அந்த மூச்சு அழுகையோடு நிம்மதியாக வெளியேறியது. மிஷினை அவர் மடியில் போட்டுவிட்டுப் படிகளில் எப்படி இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. என் காது மடல் மரத்துப்போயிருந்தது.

*

மிஸஸ் கார்பட் தன் வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் ஒதுங்கி வழிவிட்டார். சமையலறை வெதுவெதுப்பாக இருந்தது. ஜன்னலில் செடிகள் வைத்திருந்தார். நன்றாகத் தூங்குகிற முகம் அவருக்கு வந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"தெரிஞ்சுதானே எங்க தலையில கட்டினீங்க?"

"தெரிஞ்சுதான்" என்றார் அவர். "செவிட்டு மனுஷன், அவர்கிட்ட வராதுன்னு நெனச்சேன். அப்படி நெனச்சுக்க ஆசைப்பட்டேன். நாப்பது வருஷம் கண்ணு. என்னால முடியல."

பிறகு சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவர் எதையும் கூட்டிச் சொல்லும் பெண்மணி அல்ல.

போரில், அந்தத் தாக்குதலுக்குப் போன ஒரு குண்டுவீச்சு விமானத்தில் சிரில் ரேடியோ இயக்கியவர். திரும்பி வரும் வழியில் வட கடலுக்கு முன்னால், ஹாலந்தின்மேல் அடி வாங்கினார்கள். இறக்கை தீப்பிடித்தது. விமானி எல்லோரையும் குதிக்கச் சொன்னார். அந்தக் கட்டளை, விமானத்துக்குள் ஒருவரோடொருவர் பேசும் கருவியில் போனது. ஆனால் வாலுக்குப் போகும் கம்பி அதற்குள் அறுந்திருந்தது. வாலில், கண்ணாடிக் கூண்டுக்குள், பின்பக்கம் பார்த்தபடி துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தவன் வில்ஃப். இருபதுகூட நிரம்பாதவன். ஸ்பில்ஸ்பியில் ரொட்டிக்கடை வைத்திருந்தவரின் மகன். முன்னால் எல்லோரும் வரிசையாகக் குதித்தார்கள். சிரில் கதவருகே நின்று ஒரு கணம் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். நீண்ட இருட்டுக் குழாய் போன்ற உடற்பகுதி, நடுவில் நெருப்பு. போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று நினைத்தார். போகவில்லை.

குதித்த எல்லோரும் பிழைத்தார்கள். விமானம் யாரும் ஓட்டாமலே கொஞ்ச தூரம் பறந்து போனது. எவ்வளவு தூரம் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அதைத்தான் சிரில் வாழ்நாள் முழுக்கத் தேடினார். அடி பட்டபோதே அவன் செத்துப்போயிருந்தான் என்று ஏதாவது ஒரு பக்கத்தில் ஒரு வரி இருக்காதா என்று. தேடத் தேடப் புத்தகங்கள் சேர்ந்தன. ஏதோ ஒரு குளிர்காலத்தில் குரல் வந்தது.

"இவரு பதில் சொல்லிட்டாரு. அதுதான் தப்பு. சொல்ல ஆரம்பிச்சா நிறுத்த முடியாது. நிறுத்தினா அந்தப் பையன் அழறது இந்தச் சுவத்துக்கு இந்தப் பக்கம் எனக்கே கேக்கும்."

அப்படியானால் எல்லோரும் போய்விட்டார்கள் என்று ஒரே ஒரு தடவை அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

மிஸஸ் கார்பட் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எப்படிச் சொல்லுவாரு? 'உன்ன விட்டுட்டு நாங்க குதிச்சிட்டோம்டா'ன்னு அந்தப் பையன் கேக்கற மாதிரி அவரு வாயால சொல்லணும். சாகற அன்னிக்குக்கூட 'இருக்கேன் வில்ஃப்'னு சொல்லிட்டுத்தான் செத்தாரு."

*

நான் வீடு திரும்பியபோது பகல் வெளிச்சம் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. மாடிப் படிக்கட்டின் கைப்பிடி ஈரமாக, சில்லென்று இருந்தது. அறைக்கதவு உள்ளே ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தது. தோளால் இடித்தேன். பனி உடைவது போல ஒரு சத்தம்.

மண்ணெண்ணெய் அடுப்பு அணைந்திருந்தது. அலமாரியிலிருந்த புத்தகங்களின் முதுகெல்லாம் உறைபனி படிந்து வெளுத்திருந்தன. ரோலண்டின் புருவங்களில் வெள்ளை படிந்திருந்தது. உதடுகள் ஊதா நிறம். ஆனால் அவை அசைந்துகொண்டே இருந்தன.

"இருக்கேன். இருக்கேன்."

ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சன்னமாக.

இனிச் சில தடவைகள்தான் அவரால் அதைச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றியது. காது மிஷினை அவர் காதிலிருந்து பிடுங்கினேன். அவர் கட்டுப் போட்ட கைகளால் என் மணிக்கட்டைப் பற்றினார். அந்தக் கைகளில் பலமே இல்லை.

"சொல்லிடாத வின்னி. தனியா இருக்கோம்னு தெரிஞ்சா அவன் தாங்க மாட்டான்."

"நீ தாங்க மாட்டே" என்றேன்.

காதில் வைத்தேன். இரைச்சல் இப்போது கீழ்நோக்கிச் சரிந்துகொண்டிருந்தது. நெருப்பு படபடத்தது. நான் பேசியது அவனுக்குக் கேட்டுவிட்டது. எப்படி என்று தெரியாது.

"யாரு அது? அண்ணன் எங்க?"

எனக்குக் குழந்தைகள் இல்லை. ஒரு பையனுக்கு நடுராத்திரி பயம் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

"வில்ஃப்" என்றேன். "நல்லா கேளுப்பா. விமானத்துல யாரும் இல்ல. எல்லாரும் குதிச்சிட்டாங்க. கம்பி அறுந்துபோச்சு, அதனால உனக்குக் கேக்கல. சிரில் உன்ன நினைச்சுக்கிட்டேதான் இருந்தாரு, ஆனா இப்ப அவரும் இல்ல. உனக்காகக் காத்திருக்க இங்க யாரும் மிச்சமில்ல."

எஞ்சின்களின் ஊளைக்கு நடுவே அவன் மூச்சு நின்றுபோனது.

"பாராசூட் மாட்டிக்க. கூண்டைத் திருப்பு. கதவைத் திற. குதிச்சிடு."

இரைச்சல் இன்னும் கீழே சரிந்தது.

"வில்ஃப். குதிச்சிடுப்பா."

ஏதோ உலோகம் கிரீச்சிட்டது. தாழ்ப்பாள் ஒன்று தட்டப்பட்டது. ஒரு தரம், மறுபடி ஒரு தரம், வெறி பிடித்தாற்போல. பிறகு அது திறந்தது. பேய்க்காற்று ஒன்று என் காதுக்குள்ளிருந்து தலை முழுக்கப் பாய்ந்தது. அறையிலிருந்த புத்தகங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் பக்கம் புரண்டன.

அப்புறம் அமைதி. சாதாரண, மிஷினின் மெல்லிய இரைச்சல் மட்டும்.

ஜன்னல் கண்ணாடியிலிருந்த பனிப்பூக்கள் கரைந்து வழிய ஆரம்பித்தன. ரோலண்ட் வாய்விட்டு அழுதார். அவரை என் மார்போடு சாய்த்துக்கொண்டு, தரையில் சொட்டும் தண்ணீரைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

*

அவர் தேறினார். இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. மற்றபடி பழைய ரோலண்ட்தான். வசந்தம் வந்ததும் கார்பட் புத்தகங்களை விமானதளத்தின் பழைய காவல் கட்டடத்தில் வைத்திருக்கும் சிறிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அவற்றில் இப்போது புத்தக வாசனை மட்டுமே இருந்தது. அவரே முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார். அந்தப் பையனைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. ஒருமுறை மட்டும், அவன் எங்கே போய் விழுந்திருப்பான் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

ஜூலை மாதத்தில் ஒரு காலை. வெயில் அப்போதே சுள்ளென்று இருந்தது. பட்டாணி பறிக்கலாம் என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, பின்கதவின் தாழ்ப்பாளை விலக்கி வெளியே வந்தேன்.

புல்வெளியின் நடுவில் ஒரு திட்டு வெள்ளையாக இருந்தது. ரோலண்ட் சுண்ணாம்பு கொட்டிவிட்டார் என்று நினைத்தேன். பக்கத்தில் போய்க் குனிந்து தொட்டேன்.

உறைபனி.

சுற்றிலும் தேனீக்கள் பறந்துகொண்டிருந்தன. அந்த இடத்துப் புல் மட்டும் கண்ணாடி ஊசிகளாக நின்றது. இரண்டடி பின்னால் நகர்ந்த பிறகுதான் அதன் வடிவம் தெரிந்தது. கைகளை விரித்து, ஒரு காலை மடித்து, மல்லாந்து விழுந்த ஒரு ஆளின் வடிவம்.

அதிலிருந்து காலடிகள் கிளம்பியிருந்தன. அவையும் வெள்ளை. ஒன்று கனமான பூட்ஸின் தடம். அடுத்தது வெறும் பாதம். பாராசூட் விரியும் வேகத்தில் பூட்ஸ் கழன்று போய்விடும், எத்தனையோ பேர் ஒற்றைக் காலோடு வந்து இறங்கினார்கள் என்று ரோலண்ட் எப்போதோ படித்துச் சொல்லியிருக்கிறார். பூட்ஸ், வெறும்பாதம். பூட்ஸ், வெறும்பாதம். பட்டாணிப் பந்தலைச் சுற்றி, துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே, நொண்டி நொண்டி வந்திருந்தன.

நான் இப்போதுதான் தாழ்ப்பாளை விலக்கிய பின்கதவு வரைக்கும்.

திரும்பிப் போன தடம் எதுவும் இல்லை.

சமையலறைக்குள் எட்டிப் பார்த்தேன். சிவப்புத் தரையில், மேஜைக்கு அந்தப் பக்கம், ஒரே ஒரு வெறும்பாதத்தின் சுவடு உருகாமல் வெளுத்துக் கிடந்தது. அதன் ஐந்து விரல்களும் மாடிப்படியைப் பார்த்திருந்தன.

மேலே ரோலண்ட் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். காது மிஷினை மாட்டாமல்.

அவர் யாருக்கோ மெதுவாகப் பதில் சொல்வது எனக்குக் கேட்டது.